ஃபிலிம் காலத்துத் தியேட்டர்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஃபிலிம் பெட்டியில் படம் வந்த காலத்தில் வளர்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். படம் ஏன் அறுந்தது, ஏன் கருகியது, பாட்டு ஏன் பாதியில் காணாமல் போனது என்று கேட்டால் "ஆப்பரேட்டர் தூங்கிட்டான்" என்பதுதான் ஊரில் கிடைக்கும் பதில். தூங்கியவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பல நேரம் காரணம் மெஷினில் இருந்தது, அல்லது பெட்டி வரும்போதே கூட வந்தது.

கொட்டாய், டூரிங் டாக்கீஸ், தியேட்டர் மூன்றும் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்று, லைசென்ஸில் வேறு வேறு. 1955-இல் வந்த சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அன்றைய சென்னை மாநிலத்தில் நிரந்தரத் தியேட்டர், அரை நிரந்தரம், டூரிங் என்று பிரித்தார்கள். டூரிங் என்றால் தினமும் ஊர் ஊராகச் சுற்றுவது என்று அர்த்தமில்லை. லைசென்ஸ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கட்டடமும் கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்கும். நம் பக்கத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை, அதனால் கால்கள் சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று, சுற்றிலும் ஓலைத் தட்டி அல்லது இடுப்புயரச் சுவர், கீழே ஆற்று மணல். ஆப்பரேட்டர் ரூம் மட்டும் செங்கல்லிலோ தகரத்திலோ தனியாக நிற்கும். ஃபிலிம், கார்பன் குச்சியில் எரியும் வில் விளக்கின் சூடு, கீற்று மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்பதுதான் அதற்குக் காரணம். சினிமாவுக்குப் போவதை "கொட்டாய்க்குப் போறோம்" என்று சொல்லும் பழக்கம் கீற்று போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்த பிறகும் நிற்கவில்லை.

ஒரு படத்துக்கு ஏன் நாலைந்து இடைவேளை விட்டார்கள்?

ஒரே ஒரு மெஷின் இருந்ததால். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப் படம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிஷத்துக்கு 90 அடி. ஆக 1,000 அடி ரீல் 11 நிமிஷம், மெஷினில் மாட்டும் 2,000 அடிச் சுருள், அதாவது ஸ்பூல், 22 நிமிஷம். 15,000 அடிப் படத்தை 2,000 அடி ஸ்பூலில் ஏற்றினால் எட்டு ஸ்பூல்; ஒற்றை மெஷின் என்றால் ஏழு தடவை நிறுத்தியாக வேண்டும். கொஞ்சம் பெரிய ஸ்பூல் வைத்திருந்த கொட்டாயில் இது மூன்று நான்காகக் குறையும். கைதேர்ந்தவர் இரண்டு மூன்று நிமிஷத்தில் அடுத்த ஸ்பூலை மாட்டிவிடுவார். அதற்குள் முறுக்குக்காரர் ஒரு சுற்று வந்துவிடுவார். நிறுத்தம் கூடினால் அவருக்கு வியாபாரம், அதனால் அவருக்கு ஒற்றை மெஷின் மேல் புகாரே கிடையாது.

நிரந்தரத் தியேட்டரில் இரண்டு மெஷின். ஸ்பூல் முடிய 8 விநாடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி சட்டென்று வந்து போகும். அடுத்த மெஷின் மோட்டாரைப் போடு என்று அர்த்தம். முடிய ஒரு விநாடி இருக்கும்போது இரண்டாவது புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். புள்ளி நாலு ஃபிரேம்தான், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு. சிறுவயதில் அதைக் கண்டுபிடித்த பையன்கள் அதற்கப்புறம் கதையை விட்டுவிட்டு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய பிரிண்டில் புள்ளிக்குப் பதில் ஆணியால் கீறிய பெருக்கல் குறி தெரியும். முந்தைய ஊர் ஆப்பரேட்டர், முதல் புள்ளி அறுந்துபோனதால் தனக்கென்று போட்டுக்கொண்ட அடையாளம் அது. அடுத்த ஊர்க்காரர் தனக்கு இன்னொன்று போடுவார். நாலு ஊர் சுற்றி வந்த பெட்டியில் மூலை முழுக்கக் கீறல்தான்.

"பதினாறு ரீல் படம்" என்றால் என்ன?

ஆயிரம் அடிக் கணக்கு. சென்சார் சர்டிஃபிகேட்டில் ரீல் எண்ணிக்கையும் மீட்டர் நீளமும் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதைப் படித்து "பதினாறு ரீலுடா, பெரிய படம்" என்று சொன்னால், ஏறக்குறைய மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

படம் திடீரென மங்கி, மஞ்சளாகி, மறுபடி பளிச்சென்று ஆனது ஏன்?

கார்பன் வில் விளக்கு. செம்புப் பூச்சு போட்ட இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி, அதில் டி.சி. மின்சாரம் தாண்டும்போது வரும் வெளிச்சத்தைப் பின்னால் உள்ள குழிக் கண்ணாடி திரட்டி ஃபிலிம் மேல் விழச் செய்யும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். சில மெஷினில் மோட்டார் நகர்த்தும், பழைய மெஷினில் கைப்பிடியைத் திருகுவார்கள். திருக மறந்தால் முதலில் படம் மங்கும், பிறகு பழுப்பாகும், கடைசியில் வில் அணைந்து திரை கறுக்கும். பாசிட்டிவ் குச்சியும் நெகட்டிவ் குச்சியும் ஒரே வேகத்தில் தேயாது. அதனால் இடைவெளி சரியாக இருந்தாலும் வெளிச்சப் புள்ளி கண்ணாடியின் குவியத்தை விட்டு விலகிப் போகும்; அப்போது திரையின் ஒரு ஓரம் மட்டும் நீலமாகவோ பழுப்பாகவோ தெரியும். விசில் வந்த இரண்டு விநாடியில் வெளிச்சம் திரும்பினால் ஆப்பரேட்டர் மெஷின் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அரை நிமிஷம் ஆனால் டீக்கடையிலிருந்து வந்திருக்கிறார்.

எரிந்து குட்டையான குச்சியைக் குப்பையில் போடுவார்கள். ஆப்பரேட்டர் ரூம் படிக்கட்டுக்குக் கீழே பொறுக்கிய அந்தக் கறுப்புத் துண்டுதான் தெருவில் பாண்டி ஆட்டத்துக்குக் கோடு போட உதவியது. எண்பதுகளுக்குப் பிறகு ஜெனான் விளக்கு பரவியது; கார்பன் துண்டும் போனது, மங்கி எரியும் வேடிக்கையும் போனது.

நடிகர் முகம் கொப்புளித்துக் கருகுவதைப் பார்த்திருக்கிறோம். தீ விபத்தா?

இல்லை. ஃபிலிம் ஓடாமல் கேட்டில், அதாவது வெளிச்சம் படும் சட்டத்தில், நின்றுவிட்டது. ஓடும்போது ஒரு ஃபிரேம் சூட்டில் இருக்கும் நேரம் விநாடியில் சின்னப் பங்கு. ஃபிலிம் ஓரத்துத் துளை கிழிந்து பல் சக்கரம் பிடிக்காமல் போனால் ஒரே ஃபிரேம் மேல் மொத்தச் சூடும் இறங்கும். வேகம் குறைந்ததும் தானாக விழுந்து வெளிச்சத்தை மறைக்க ஒரு தகடு உண்டு. அது எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டால் நடுவில் பழுப்புப் புள்ளி விழுந்து, கொப்புளம் கிளம்பி, வெள்ளை ஓட்டையாகும். ஐம்பதுகளின் தொடக்கம் வரை உற்பத்தியான நைட்ரேட் ஃபிலிம் என்றால் அது நிஜத் தீயாகியிருக்கும். பின்னால் வந்த அசிடேட் உருகுமே தவிரக் கொழுந்துவிட்டு எரியாது.

பிறகு நடப்பது ஒட்டு வேலை. கருகிய ஃபிரேம்களை வெட்டி எறிவார்கள். ஒரு முனையில் ஒரு துளை அகலத்துக்குப் படம் பதிந்த பூச்சான மருந்தைப் பிளேடால் சுரண்டி, ஃபிலிம் சிமெண்ட் தடவி, மறுமுனையை மேலே வைத்துத் துளைக்குத் துளை பொருத்தி அழுத்திப் பிடிப்பார்கள். மருந்து சரியாகச் சுரண்டவில்லையென்றால் ஒட்டு அடுத்த ஆட்டத்தில் விட்டுவிடும். ஒவ்வொரு ஒட்டிலும் இரண்டு ஃபிரேமாவது போகும். நூறு ஆட்டம் கண்ட பிரிண்டில் வசனம் துள்ளித் துள்ளி வருவது இதனால்தான். முழுப் பாட்டே காணோம் என்றால் அது ஒட்டில் போனதல்ல. இரண்டாம் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க யாரோ அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, திரும்பச் சேர்க்காமலே பெட்டியை அனுப்பிவிட்டார்கள்.

கால் மேலே, தலை கீழே வந்ததற்கு யார் காரணம்?

ஒட்டியவர். ஒரு ஃபிரேமுக்குப் பக்கத்துக்கு நாலு துளை. ஒட்டும்போது ஒரு துளை தள்ளிப் பொருத்திவிட்டால், அந்த ஒட்டு கேட்டைத் தாண்டியதும் படம் கால் ஃபிரேம் நகர்ந்துவிடும். நடுவில் கறுப்புக் கோடு, மேலே செருப்பு, கீழே நெற்றி. "டேய் ஆப்பரேட்டரு, ஃபிரேமு!" என்று தரை டிக்கெட் கத்தும், உள்ளே ஒரு திருகைத் திருப்பினால் நேராகிவிடும். அடுத்த தப்பு ஒட்டு வரும்வரை.

இதோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். படம் மேலும் கீழும் குதித்து, எழுத்துகள் இழுபட்டால் அது ஃபிரேம் கோளாறு அல்ல. கேட்டுக்கு மேலும் கீழும் ஃபிலிமைத் தளர்வாக வளைத்து விட்டிருப்பார்கள், அதற்கு லூப் என்று பெயர். பல் சக்கரம் ஃபிலிமைச் சீராக இழுக்கும், கேட்டுக்குள் மட்டும் அது நின்று நின்று இறங்கும். இரண்டுக்கும் ஒத்துப்போக அந்தத் தளர்வு வேண்டும். கிழிந்த துளை வந்து லூப் காணாமல் போனால் திருகைத் திருப்பிப் பிரயோஜனமில்லை, மெஷினை நிறுத்தித்தான் சரிசெய்ய வேண்டும்.

வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போனது?

ஒலி, படத்துக்குப் பக்கத்திலேயே ஃபிலிம் ஓரத்தில் கோடாக இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்கு நேராக இருக்காது, சுமார் 20 ஃபிரேம் முன்னால் இருக்கும். காரணம், படத்தைக் காட்டும் கேட் மேலே, ஒலியைப் படிக்கும் விளக்கும் போட்டோ செல்லும் கீழே. கீழ் லூப்பை நாலைந்து ஃபிரேம் பெரிதாக விட்டால் வாய் மூடிய பிறகு வார்த்தை வரும். பின் பெஞ்சில் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாமதம், ஏனென்றால் ஒரு ஃபிரேம் நேரத்தில் ஒலி போவது 14 மீட்டர்தான்.

பேச்சுக்கு அடியில் மோட்டார் போட் போவதுபோல் பொடபொடவென்று கேட்டதா? ஃபிலிம் பக்கவாட்டில் நகர்ந்து, ஒலிக் கோட்டுக்குப் பதில் விளக்கொளி துளைகள் மேல் விழுகிறது. விநாடிக்கு 24 ஃபிரேம், ஃபிரேமுக்கு நாலு துளை, ஆக விநாடிக்கு 96 தடவை தட்டும். மற்றபடி தேவனாம்பட்டினத்துப் படகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திரையில் எப்போதும் மழை பெய்தது ஏன்?

கீறல். கேட்டிலும் உருளையிலும் மணல், கார்பன் தூசி. கொட்டாய்த் தரையே மணல் என்னும்போது கேட்கவே வேண்டாம். ரீவைண்ட் செய்யும்போது தளர்ந்த சுருளை வெடுக்கென்று இழுத்து இறுக்கினால் சுற்றோடு சுற்று உரசும். பின்பக்கக் கீறல் கறுப்புக் கோடாகத் தெரியும். மருந்துப் பக்கம் ஆழமாகக் கீறினால் வெள்ளைக் கோடு. கலர்ப் படத்தில் மேல் அடுக்கு மட்டும் போனால் பச்சையாகத் தெரியும்.

ஆட்கள் ஒல்லியாக, பனைமரம் மாதிரி தெரிந்தார்கள். எங்கள் கண்ணில் கோளாறா?

சினிமாஸ்கோப் பிரிண்டைச் சாதா லென்ஸில் போட்டிருக்கிறார்கள். ஸ்கோப்பில் படத்தை அகலவாக்கில் பாதியாக நெருக்கிப் பதிவார்கள். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரிக்க வேண்டும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த "ராஜராஜ சோழன்". அதற்கப்புறமும் வெகுகாலம் பல கொட்டாய்களில் அந்த லென்ஸ் கிடையாது. இருந்த இடத்திலும் விரித்த படத்துக்குத் துணி போதாமல் இரண்டு ஓரமும் தட்டியில் விழும்.

"பெட்டி இன்னும் வரலை" என்பது நிஜமா, சாக்கா?

பெரும்பாலும் நிஜம். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர் பகிர்ந்துகொள்வார்கள். முதல் தியேட்டரில் ஓடி முடிந்த ஸ்பூலை ஒரு பையன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அடுத்த தியேட்டருக்கு மிதிப்பான். கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கமிருந்து முதுநகருக்கு ஸ்பூல் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆட்டத்தை முக்கால் மணி நேரம் தள்ளி ஆரம்பித்தால் இரண்டு ஸ்பூல் கையிருப்பு. பையனுக்கு ஒரு நடைக்கு 22 நிமிஷம்தான். சைக்கிள் பஞ்சர், எதிர்க்காற்று, லாரன்ஸ் ரோடு ரயில்வே கேட் மூடியிருப்பது, இதில் ஒன்று வந்தால் கையிருப்பு கரையும், இரண்டு சேர்ந்தால் திரை கறுக்கும். அவசரத்தில் ரீவைண்ட் செய்யாமல் அனுப்பிய ஸ்பூலை அங்கே அப்படியே மாட்டினால் படம் தலைகீழாகவும் பின்னோக்கியும் ஓடும். டப்பா மாறினால் செத்த வில்லன் அடுத்த ரீலில் எழுந்து வருவான்.

மொத்தப் பெட்டியும் தாமதமாவது வேறு கதை. வினியோகத்தில் செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு ஒரே ஏரியா. புதுச்சேரியும் அதில்தான் சேரும். முந்தைய ஊரில் கூட்டம் நன்றாக இருந்து ஒருநாள் நீட்டிவிட்டால், பெட்டி நம் ஊர் பஸ் ஏறாது. "நாளை முதல்" என்று நோட்டீஸ் அடித்த கொட்டாய்க்காரர், கையில் கிடைத்த பழைய படத்தை ஓட்டிச் சமாளிப்பார்.

கொட்டாயில் ஏன் காலைக் காட்சியும் மேட்னியும் இல்லை?

தட்டி வழியே வெளிச்சம் வரும். இருட்டினால்தான் படம். கடலூர்க் கரையில் நவம்பர் நடுவில் சூரியன் மறைவது மாலை 5.40-ஐ ஒட்டி, ஜூலையில் 6.40-ஐ ஒட்டி. அதனால் கார்த்திகையில் முதல் ஆட்டம் சீக்கிரம் தொடங்கும், ஆனியில் தள்ளிப்போகும். ஆனி மாதத்தில் முதல் ரீல் வெளுத்துத் தெரிந்தது என்று ஞாபகம் இருந்தால் சரியான ஞாபகம். குழாய் ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்பது அரை மைல் தூரத்துக்கும் தெரியும்.

திரைக்குப் பின்னால் நின்று பார்த்தால் எப்படித் தெரியும்?

துணித் திரையாக இருந்தால் தெரியும், இடம் வலம் மாறி. பெயர் போடும்போது எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும், எல்லாரும் இடது கையால் அடிப்பார்கள். சுவரில் வெள்ளையடித்த திரை என்றால் அதுவும் இல்லை, வசனம் மட்டும்தான். பெரிய தியேட்டர்த் திரையில் ஊசித் துளைகள் இருப்பது அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க அல்ல. பின்னால் வைத்த ஸ்பீக்கர் ஒலி வெளியே வர.

டிக்கெட் கிழித்துப் பாதியை வைத்துக்கொண்டது எதற்கு?

கணக்குக்கு. தரை, பெஞ்சு, சேர், பால்கனி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், வரிசை எண். ஆட்டம் தொடங்கியதும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கழித்து, விலையால் பெருக்கி, கேளிக்கை வரியைத் தனியே எடுத்து டி.சி.ஆர். என்ற தினசரி வசூல் கணக்கை எழுதுவார்கள். வசூலில் சதவீதப் பங்குக்குப் படத்தை வாங்கி ஓட்டினால், வினியோகஸ்தர் அனுப்பிய ரெப், அதாவது அவருடைய ஆள், பக்கத்தில் நின்று தலை எண்ணுவார். கிழிக்காமல் உள்ளே விட்ட டிக்கெட் மறுபடி கவுண்ட்டருக்கே போய்விடும் என்பது அவர் பயம், நியாயமான பயம்தான். கவுண்ட்டர் ஓட்டை ஒரு கை மட்டும் நுழையும் அளவு என்பதால், ஒரே சமயத்தில் நாலு கை நுழைந்து நாலும் சிராய்க்கும்.

எந்த வருஷம் எந்தப் படம் பார்த்தோம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

படம் வெளியான வருஷத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் தீபாவளிக்கு வந்த படம் சிற்றூர்க் கொட்டாய்க்கு வர ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகும். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் பத்து இருபது வருஷம் கழித்தும் மூன்று நாள் வந்து போகும்.

கையில் டிக்கெட், நோட்டீஸ், போஸ்டர் இருந்தால் அதிலேயே தடயம் இருக்கும். விலை "ந.பை." என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 மே மாதத்துக்கும் இடைப்பட்டது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். லை, னை, ணை எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கைக் கொக்கி போட்டிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று ஊகிக்கலாம். ஊகம்தான், பழைய அச்சு வைத்திருந்த பிரஸ்கள் அதற்குப் பிறகும் பழைய எழுத்தையே அடித்தன. "யு/ஏ" சர்டிஃபிகேட் 1983-இல்தான் வந்தது. மாவட்டம் தென் ஆற்காடு என்று இருந்தால் அநேகமாக 1993-க்கு முன்.

டப்பாவில் ஃபிலிம் துண்டுகள் வைத்திருக்கிறேன். சிவப்பாகிவிட்டன, புளிப்பு வாடை அடிக்கிறது.

இரண்டும் வேறு வேறு நோய். ஈஸ்ட்மென் கலர் வகைப் பிரிண்டில் மூன்று சாயம். அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், மஞ்சளும் பின்னாலேயே போகும். மிஞ்சுவது ரோஸ் கலந்த சிவப்பு. போன சாயம் ஃபிலிமில் திரும்பாது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஓரளவு சரிசெய்யலாம். கறுப்பு வெள்ளைத் துண்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

புளிப்பு வாடை அசிடேட் சிதைவது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஃபிலிமிலிருந்து வினிகர் அமிலம் கிளம்பும். அந்த அமிலம் பக்கத்துத் துண்டையும் கெடுக்கும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் வரும். வாடை அடிப்பதை உடனே பிரித்து வையுங்கள். மற்றதை மூடிய தகர டப்பாவிலிருந்தும் பிளாஸ்டிக் கவரிலிருந்தும் எடுத்து, சாதாக் காகித உறையில் போட்டு, வீட்டில் வெயில் படாத, ஈரச் சுவர் இல்லாத அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் திறந்து வைக்காதீர்கள், வெளியே எடுக்கும்போது வியர்த்து ஒட்டிக்கொள்ளும்.

ஓரத்தில் சின்ன எழுத்தில் கம்பெனி பெயர் இருக்கும். "ஆர்வோ" என்றால் கிழக்கு ஜெர்மனி ஃபிலிம். "இண்டு" என்றால் ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். இழுத்தும் கிழியாத துண்டு, சுருளாக வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவும் துண்டு, பிற்காலத்துப் பாலியெஸ்டர்.

ஸ்கேன் செய்யக் கடைக்குப் போக வேண்டியதில்லை. செல்போனில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, அதற்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஃபிலிமைப் பிடித்து இன்னொரு போனில் எடுங்கள். திரைமேல் ஒட்டி வைத்தால் அதன் புள்ளிகளும் படத்தில் விழும். பளபளப்புக் குறைந்த பக்கம் மருந்து, அதைத் தொடாதீர்கள்.

ஃபியூஸ் போன பல்பில் சினிமா காட்டினோமே, அதை இப்போது பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா?

முடியும். 60 வாட் குண்டு பல்பு, பால் கண்ணாடி இல்லாமல் தெளிந்த கண்ணாடியாக வேண்டும். பல்பைத் துணியில் சுற்றிப் பிடித்து, அடியில் உள்ள கறுப்பு அடைப்பைத் திருப்புளியால் தட்டி எடுங்கள். உள்ளே உள்ள கண்ணாடித் தண்டை உடைத்துக் கம்பிகளோடு கவிழ்த்துக் கொட்டுங்கள். இது பெரியவர் செய்ய வேண்டிய வேலை. தண்ணீரைக் குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மெழுகால் அடையுங்கள். குமிழி இருந்தால் திரையிலும் ஒரு நிலா தெரியும்.

வரிசை: வெளியே வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடி, அடுத்து ஜன்னலை மறைத்த அட்டையில் ஃபிரேம் அளவு ஓட்டை, ஓட்டையில் ஃபிலிம், அதன் பின் பல்பு, ஒன்றரை மீட்டர் தள்ளி வெள்ளை வேட்டி. தண்ணீர்க் குண்டின் குவியத் தூரம் அதன் ஆரத்தைப்போல் இரண்டு மடங்கு. 6 செ.மீ. விட்டமுள்ள பல்புக்கு ஃபிலிம், கண்ணாடிப் பரப்பிலிருந்து 3 செ.மீ.-யை விடச் சற்றே தள்ளி இருக்க வேண்டும், சுமார் 3.25. அந்தக் கால் சென்டிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. பல்பை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். வேட்டியில் அரை மீட்டர் அகலத்துக்குப் படம் விழும். நடு மட்டும் தெளிவாக, ஓரம் வளைந்து மங்கலாக இருக்கும். அது உருண்டைக் கண்ணாடியின் குணம், உங்கள் தப்பு இல்லை.

ஃபிலிமைத் தலைகீழாக வையுங்கள். எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தால் ஃபிலிமின் பக்கத்தை மட்டும் புரட்டுங்கள். சூரியன் நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி நகரும், அதனால் கண்ணாடி பிடிக்க ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும். அந்த வேலை எப்போதும் கடைக்குட்டிக்குத்தான் வாய்க்கும். கண்ணாடி ஒளி வரும் திசையில் பல்பு வழியாகக் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. ஆட்டம் முடிந்ததும் பல்பை வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பின்னால் உள்ள துணியைப் பொசுக்கிவிடும்.

இடைவேளையில் கோலி சோடாவை உடைக்கும்போது ஏன் அந்தச் சத்தம்?

உள்ளே இருக்கும் வாயு கோலியைக் கழுத்து ரப்பரோடு அழுத்தி வைத்திருக்கும். கட்டையால் குத்தினால் வாயு ஒரே மூச்சில் வெளியேறும். குடிக்கும்போது கோலி மறுபடி வாயை அடைத்தால், பாட்டிலைத் திருப்பி, கழுத்தில் உள்ள இரண்டு குழி பக்கம் கோலியை உட்கார வைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் என்ன செய்தார்கள்?

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டாய்த் தரை நனைந்துவிடும், கீற்று ஒழுகும். பல கொட்டாய்கள் அப்போது மூடிக் கிடந்து, கீற்று மாற்றித் தை பிறந்ததும் திறக்கும். தகரக் கூரைத் தியேட்டரில் ஒழுகாது, ஆனால் வசனம் கேட்காது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய 2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்தப் பக்கம் கூரையென்று இருந்த எதுவுமே தப்புவது கடினமாக இருந்தது.

ஃபிலிம் பெட்டி எப்போது நின்றது?

2000-களின் நடுவில் கியூப், யு.எஃப்.ஓ. போன்ற டிஜிட்டல் முறைகள் வந்தன. 2013, 2014 வாக்கில் புதுப் படத்துக்கு ஃபிலிம் பிரிண்ட் போடுவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

பழைய ஆப்பரேட்டர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். என்ன கேட்பது?

"அந்தக் காலம் எப்படி இருந்துச்சுய்யா?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பார், அதோடு சரி. பொருளை வைத்துக் கேளுங்கள். மெஷின் என்ன கம்பெனி, ஒன்றா இரண்டா? கார்பன் எத்தனை ரீலுக்கு ஒருமுறை மாற்றினீர்கள்? கரண்ட் போனால் ஆயில் இன்ஜினை யார் ஸ்டார்ட் செய்வது? ஸ்லைடு எழுதியது யார்? லைசென்ஸுக்கு எங்கே போய்ப் பரீட்சை கொடுத்தீர்கள்? ஒரு பழைய ஃபிலிம் துண்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பலர் பேசும் முன்பே ஓரத்தை விரல் நுனியால் வருடித் துளை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

எங்கள் தியேட்டர் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. இதுதான் அது என்று எப்படி உறுதி செய்வது?

பின் சுவரில் மேலே பாருங்கள். மெஷினுக்கு இரண்டு சதுர ஓட்டை: ஒன்று வெளிச்சம் போக, ஒன்று ஆப்பரேட்டர் எட்டிப் பார்க்க. செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தாலும் பூச்சு வேறு வயது என்பதால் சதுரம் தெரியும். தரையில் ஒரு கோலி குண்டை வைத்தால் மேடைப் பக்கம் தானாக உருளும்; சமப்படுத்தியிருந்தால் உருளாது. பக்கச் சுவரை ஒட்டி ஒரு ஆள் மட்டும் நுழையும் சந்து இருந்தால் அது தரை டிக்கெட் கியூ. இப்போது அதில் பந்திப் பாத்திரம் அடுக்கியிருப்பார்கள்.